என் பெயரில் வந்த அன்பு

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணியும் நலம். உன் நலம் கேட்கத்தான் கூச்சமாக இருக்கிறது. உன் காசைப் பறித்தவனும் அதைக் கேட்டுத்தான் ஆரம்பித்தானாம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டெலிபோன் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டான். "ஐயா, உங்க போனுக்கு ஒரு ரகசிய நம்பர் வரும். யார் கேட்டாலும் சொல்லாதீங்க, நானே கேட்டாலும் சொல்லாதீங்க" என்றான். மறுநாள் அவனே கேட்டான், நான் சொல்லவில்லை. "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா திருடனுங்க பொழைக்க முடியுமா!" என்று மெச்சினான். பூட்டுக் கடை வைத்து ஊரார் பூட்டையெல்லாம் இழுத்துப் பார்த்தே கொடுக்கிறவனுக்குப் புகழ்ச்சி கசக்குமா? அதற்கடுத்த நாள் பதறிக்கொண்டு கூப்பிட்டான். "ஐயா, ஒருத்தன் உங்க வாட்ஸ்அப்ல நுழையப் பாக்குறான். இப்ப வர்ற நம்பரைச் சொன்னீங்கன்னா கையும் களவுமா புடிச்சிடலாம்!" திருடனைப் பிடிக்கிற உற்சாகத்தில், கடைக்கு வந்தவர்களுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன். அவ்வளவுதான். வாட்ஸ்அப் அவன் கைக்குப் போயிற்று, அவன் நேரே உன்னிடம் வந்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் இதுவரை உனக்கு எழுதியதெல்லாம் 'சரி', 'பார்க்கலாம்', ஒரு கட்டைவிரல். அப்படிப்பட்டவன் பெயரில் "தங்கச்சிமா, சாப்பிட்டியா? கண் முழிச்சுத் தைக்காதே" என்று வந்ததுமே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? தொண்டையில் ஆபரேஷன், பேச முடியாது என்று அவன் அளந்ததை நம்பி, புதுத் தையல் மெஷினுக்குச் சேர்த்த பணத்தை அனுப்பிவிட்டாய். உன் அண்ணி விசாரித்தபோது, "சந்தேகம் வந்துச்சு அண்ணி. ஆனா ஆசையாவும் இருந்துச்சு" என்றாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கூடப் பிறந்தவன் செய்ய வேண்டியதை ஒரு களவாணி செய்து காட்டிவிட்டான். வெட்கமாக இருக்கிறது. மெஷினை நான் வாங்கித் தருகிறேன்.

ஆகவே எச்சரிக்கிறேன்: என் பெயரில் அன்பாக ஒரு வரி வந்தாலும் நம்பாதே, உடனே பிளாக் செய். நான் அப்படியெல்லாம் எழுதுகிற ஆளில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
அண்ணன்

பின்குறிப்பு: இதைப் படித்த உன் அண்ணி, "உண்மையைச் சொல்லித் தொலைங்க" என்கிறாள். வாட்ஸ்அப் போன வாரமே எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. நேற்று, "கண்ணு, ஞாயித்துக்கிழமை வரேன், உக்காந்து பேசலாம்" என்று வந்ததே, நீயும் உடனே பிளாக் செய்தாயே, அது நான்தான். அந்த ஒரு வரிக்கு எனக்கு அரை நாள் ஆயிற்று. ஞாயிறன்று வருகிறேன், கதவைச் சாத்திவிடாதே.