மோந்தெவெஸ்ப்ரோவின் பின்வாசல்

சிங்கங்களைக் காணவில்லை.

மோந்தெவெஸ்ப்ரோ ஊரின் கோட்டை வாசலில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். சுற்றுலா வழிகாட்டியான எர்சிலியா தன் பேச்சை எப்போதும் அவற்றின் பல்லிலிருந்துதான் தொடங்குவாள். இன்றும் பஸ்ஸை விட்டு இறங்கி, மஞ்சள் குடையை உயரத் தூக்கி, "இதோ, உங்க கண்ணு முன்னால..." என்று ஆரம்பித்துவிட்டுத் திரும்பினாள். மூடுபனிக்கு நடுவே ஒரு வளைவு வாசல் மட்டும் நின்றது. சிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனை உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம்" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்குள் ஏறினாள்.

"நெல்லோ, இது எந்த ஊரு?"

"மோந்தெவெஸ்ப்ரோ" என்றான் டிரைவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சிங்கம் எங்க?"

"நான் பஸ் ஓட்டறவன். சிங்கத்தைக் கட்டி மேய்க்கிற வேலை என்னுது இல்ல."

"நெல்லோ!"

"சரி, சரி. பனியில ஒரு திருப்பத்தை விட்டுட்டேன் போல. மலை ஏறினோம், ஊர் வந்துச்சு. இந்த உம்ப்ரியா வட்டாரத்துல எந்த மலையில ஏறினாலும் ஓர் ஊர் வரத்தானே செய்யும்?"

"திரும்பிப் போயிடலாம்."

"இந்தப் பனியில வண்டியைத் திருப்பினா நேரா பள்ளத்தாக்குக்குத்தான் போவோம். அதுவும் சீக்கிரமாப் போவோம். பனி விலகட்டும்."

போன மாதம்தான் எர்சிலியா ஒரு புதுமணத் தம்பதியைத் தேவாலயத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மற்றவர்களோடு ஊர் திரும்பியிருந்தாள். முதலாளி பால்தூச்சி கத்தவில்லை. அவர் கத்தாததுதான் பயமாக இருந்தது. "இன்னும் ஒரே ஒரு புகார்" என்று மெதுவாகச் சொன்னார். "அப்புறம் அந்தக் குடையை இங்க வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடு."

அவள் கீழே இறங்கியபோது கூட்டம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. யாரோ ஒரு முதியோர் சங்கம். காலையில் பள்ளத்தாக்கு ரயில் நிலையத்து வாசலில், பனியில் முகம்கூடச் சரியாகத் தெரியாமல், கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக நின்றவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். ரயிலில் வந்த களைப்போ என்னவோ, வழியெல்லாம் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கியிருந்தார்கள். இப்போது எல்லோரும் விழித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

முன்வரிசையில் நின்ற இயோலாந்தா என்ற குண்டு அம்மாள் வாயைத் திறந்தாள். "பொண்ணே, இது வந்து..."

"இதுதான் மோந்தெவெஸ்ப்ரோவோட பின்வாசல்!" என்றாள் எர்சிலியா அவசரமாக.

"பின்வாசலா?"

"ஆமா. சாதாரண ஜனங்களை முன்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போவோம். உங்களுக்குன்னு தனியா இந்த வழி."

இயோலாந்தா சற்று நேரம் யோசித்தாள். பிறகு பக்கத்தில் நின்ற ஒல்லியான தோழியை முழங்கையால் இடித்தாள். "கேட்டியா தெக்லா? நமக்குன்னு தனி வழியாம்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு வா" என்றாள் தெக்லா.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்செல்மோ என்று கூப்பிட்டார்கள் அவரை. நெட்டையான கிழவர், புருவம் இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. புகார் எழுதப்போகிற முகம் அது என்று எர்சிலியா அப்போதே முடிவு செய்தாள்.

ஊருக்குள் பனி பால் போலத் தேங்கியிருந்தது. தெரு எங்கே வளைகிறது என்று தெரியவில்லை. வளைந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு கதவு மிதந்து வந்தது, அப்புறம் ஒரு பூத்தொட்டி, அப்புறம் எங்கிருந்தோ காப்பி வாசம். எர்சிலியாவிடம் மனப்பாடம் செய்த பேச்சு ஒன்று இருந்தது. அதில் ஒரு வரிகூட இங்கே ஒட்டவில்லை. பொய் சொல்வதென்றாலும் முதலில் எதையாவது பார்த்தாக வேண்டியிருந்தது.

அதனால் பார்த்தாள். ஒரு வீட்டில் மற்ற ஜன்னல்களையெல்லாம் விட ஒரு ஜன்னல் மட்டும் தாழ இறங்கியிருந்தது.

"இந்த வீட்டைக் கட்டினவனோட பொண்டாட்டி ரொம்பக் குள்ளம்" என்று தன் வாய் சொல்வதை அவளே கேட்டாள். "எட்டிப் பாக்க அவளுக்கு எட்டல. வேலைக்குப் போறப்ப தெருமுனையில திரும்பிப் பாத்தா அவ முகம் தெரியணும்னு, அவன் கட்டின சுவரை இடிச்சு இந்த ஒரு ஜன்னலை மட்டும் இறக்கி வெச்சான்."

தொப்பி போட்ட ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னலையே பார்த்தார்.

"அந்த ஜன்னலா?" என்றார்.

"அதேதான் ஐயா."

"நான் கொத்தனார் அளவு தப்பாப் போட்டுட்டான்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க" என்றாள் எர்சிலியா. கூட்டம் நகர்ந்தது. அவர் நகரவில்லை. இருவர் போய்க் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டியிருந்தது.

தேவாலயத்தில்தான் மாட்டிக்கொண்டாள். மோந்தெவெஸ்ப்ரோவின் நீலத் தேவதைச் சுவரோவியத்தை அறியாதவர் கிடையாது. பிஸ்கட் டப்பாவில்கூட, அந்த ஊரின் மூன்று கோபுரங்களோடு, அது இருக்கும். இங்கே சுவரில் இருந்தது ஈரம் பூத்த ஒரு கறை.

"நீலத் தேவதை?" என்று கேட்டாள் தெக்லா, முகத்தை ரொம்பச் சாதுவாக வைத்துக்கொண்டு.

"சுத்தம் பண்ண ஃப்ளோரன்ஸுக்கு அனுப்பியிருக்கு."

"சிங்கமும் அங்கதானா?"

"சிங்கமும் அங்கதான்."

"ரெண்டும் ஒரே வண்டியிலயா?"

"வேற வேற வண்டி."

"தேவதையைச் சுவருல இல்ல வரைஞ்சிருப்பாங்க?"

எர்சிலியா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "சுவரோடதான் அனுப்பியிருக்கு."

"அப்ப இந்தச் சுவரு?"

"இது... அது வர்ற வரைக்கும் வெச்சிருக்கிற சுவர்."

இயோலாந்தா கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பக்தி என்று எர்சிலியா நினைத்துக்கொண்டாள். அன்செல்மோ சுவரை ஒரு தடவை கைத்தடியால் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் கடுகடுப்பாக அவளைப் பார்த்தார்.

சதுக்கத்தில் ஒரு மார்பளவுச் சிலை. மழையில் மூக்கும் எழுத்தும் கரைந்து போயிருந்தன.

"இவரு யாரு?" என்றாள் இயோலாந்தா.

"ரொட்டி சுடறவர். இந்த மாதிரி பனி நாள்ல, வயல்லேருந்து வர்றவங்களுக்கு வழி தெரியாதுன்னு, அடுப்பை அப்படியே விட்டுட்டு மணியை ஆட்டிக்கிட்டே ஊரைச் சுத்தி வருவாராம். ரொட்டி தினமும் கருகும். ஆனா ஒருத்தர்கூட வழி தவறினதில்ல. கருகின ரொட்டியை ஜனங்க குறை சொல்லாம வாங்கிட்டுப் போவாங்க."

"அவ்வளவு நல்லவரா?"

"தங்கமான மனுஷன்."

இயோலாந்தா இந்த முறை நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரும் சொல்லவே இல்லையே" என்றாள். சிலையின் தோளில் இருந்த தூசியைத் தன் சால்வை நுனியால் துடைத்துவிட்டாள்.

அடுத்து வந்தது சாப்பாட்டுப் பிரச்சினை. மதிய உணவுக்கு மேஜை போட்டிருந்தது மோந்தெவெஸ்ப்ரோவில். இங்கே இருந்த ஒரே உணவுவிடுதியின் கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். மாவு அப்பிய கையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

"சிக்னோரா, தயவு பண்ணுங்கம்மா. டூரிஸ்ட்டுங்க, ரொம்பத் தூரத்துலேருந்து வந்திருக்காங்க, எல்லாருக்கும் பசி."

அந்தப் பெண் எர்சிலியாவின் தோளுக்கு மேலே கூட்டத்தைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. எர்சிலியா திரும்பிப் பார்த்தபோது இயோலாந்தா ஒன்றும் அறியாதவளாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டூரிஸ்ட்டுங்களா?" என்றாள் சமையல்காரி. "அடடா. வாங்க, வாங்க. எங்க ஊருக்கு இப்படியெல்லாம் யாரும் வர்றதே இல்ல."

அவரைக்காய்ச் சூப்பும், காட்டுப்பன்றிக் குழம்பு போட்ட கையகலப் பாஸ்தாவும், சிவப்பு ஒயினும் வந்தன. அன்செல்மோவுக்கு மட்டும் தனிக் கிண்ணம்.

"அவருக்கு உப்பு ஆகாது" என்றாள் சமையல்காரி.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியலையா?"

எர்சிலியாவுக்கும் பார்த்தால் தெரிந்தது. அவள் மேலே கேட்கவில்லை.

சாப்பிட்டு வெளியே வந்து தலைகளை எண்ணினால் தெக்லாவைக் காணோம்.

பூட்டிய தேவாலயமும் பால்தூச்சியின் மெதுவான குரலும் ஒருங்கே நினைவுக்கு வர, எர்சிலியா சந்து சந்தாக ஓடினாள். பனிக்குள் தெக்லாவின் பெயர் போய் முட்டித் திரும்பி வந்தது. கடைசியில் மேலேயிருந்து ஒரு பதில்.

"இங்கதான் இருக்கேன். ஏன் கத்தற?"

யார் வீட்டு மாடி முகப்பிலோ நின்றுகொண்டு, கொடியிலிருந்து துணிகளை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள் தெக்லா.

"கடவுளே! அங்க என்ன பண்றீங்க?"

"மழை வரும்போல இருக்கு. பாவம், யாரு வீட்டுத் துணியோ, நனைஞ்சு போயிடும்."

"அடுத்தவங்க வீடும்மா அது! எப்படி உள்ள போனீங்க?"

"கதவு திறந்திருந்துச்சு. நின்னுக்கிட்டே இருக்கியே, மேல வந்து இந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடி."

சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று எர்சிலியா ஏறிப்போய்ப் போர்வையின் முனையைப் பிடித்தாள். மடித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு பெண் தலையை நீட்டினாள். எர்சிலியாவின் கையிலிருந்து போர்வை நழுவியது.

"மன்னிச்சுக்கோங்க சிக்னோரா! இவங்க டூரிஸ்ட். தெரியாம வந்துட்டாங்க. போலீஸை மட்டும் கூப்பிடாதீங்க."

எதிர்வீட்டுக்காரி தெக்லாவைப் பார்த்தாள். தெக்லா அவளைப் பார்த்தாள்.

"டூரிஸ்ட்டா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "நல்லதாப் போச்சு. அந்தத் தலகாணி உறையையும் எடுத்துடச் சொல்லுங்க." ஜன்னல் சாத்திக்கொண்டது.

என்ன மாதிரியான ஊர் இது என்று எர்சிலியா வியந்தாள். வழி தவறி வந்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். அந்நியர் வீடு புகுந்தால் வேலை சொல்கிறார்கள். மோந்தெவெஸ்ப்ரோவில் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவளைப் பார்த்து ஜன்னலைத் திறந்ததில்லை.

மழை வரவில்லை. காற்றுதான் வந்தது. அவர்கள் சதுக்கத்தின் விளிம்புச் சுவருக்கு வந்து சேரும்போது மூடுபனி மெல்ல எழுந்து, கிழிந்து, தங்க நிறமாகிக் கலைந்தது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இன்னொரு மலை. அதன் உச்சியில், வெயிலில் குளித்தபடி, மூன்று கோபுரங்கள்.

பிஸ்கட் டப்பாவின் மூடியில் இருக்கும் அதே மூன்று கோபுரங்கள்.

"அழகா இருக்கே" என்றாள் இயோலாந்தா மெதுவாக. "அது என்ன ஊரு பொண்ணே?"

எர்சிலியாவின் நாக்கில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. பெயர்கூட வைத்துவிட்டாள். ஆனால் எல்லா முகங்களும் அவளையே பார்த்தன, காலையிலிருந்து பார்த்த அதே ஆசையோடு. அவளால் முடியவில்லை. குடையை மடக்கினாள்.

"அதுதான் மோந்தெவெஸ்ப்ரோ" என்றாள். "நாம அங்க போகவே இல்ல. இது எந்த ஊருன்னே எனக்குத் தெரியாது. ரொட்டிக்காரர், குள்ளப் பொண்டாட்டி, எல்லாம் என் வாயில வந்தது. சிங்கம் அங்கதான் இருக்கு. தேவதையும் அங்கதான் இருக்கு, அதோட சுவரும்."

"அப்ப இந்தச் சுவரு?" என்று ஆரம்பித்த தெக்லாவை யாரோ சும்மா இருக்கச் சொன்னார்கள்.

"உங்க ஒரு நாளைப் பாழாக்கிட்டேன். அங்க நான் சொல்றது எல்லாம் உண்மை. தூக்கத்துல எழுப்பினாலும் ஒப்பிப்பேன். இங்க சொன்னது எல்லாம் பொய். ஆனா சத்தியமாச் சொல்றேன், ரொம்ப நாளைக்கப்புறம் இன்னைக்குத்தான் பேசப் பேச எனக்கே ஆசையா இருந்துச்சு. ஆபீஸுக்குப் புகார் எழுதறதுன்னா தாராளமா எழுதுங்க. உங்க மேல தப்பே இல்ல."

தொப்பிக்காரர் காலணியைப் பார்த்தார். இயோலாந்தா தெக்லாவைப் பார்த்தாள்.

கல் பெஞ்சிலிருந்து அன்செல்மோ எழுந்தார். கைத்தடியை ஊன்றி ஊன்றி நேராக அவளிடம் வந்தார். நாள் முழுவதும் ஒரு வார்த்தை பேசாத மனிதர். புருவங்கள் இன்னும் முட்டிக்கொண்டுதான் இருந்தன. எர்சிலியா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நாங்க எல்லாரும் இந்த ஊருக்காரங்கதான்மா, காலையில இங்கேருந்து இறங்கித்தான் உன் பஸ்ஸுல ஏறினோம்" என்றார் அவர். "கீழத்தெரு ஜன்னலுக்கும் சதுக்கத்துச் சிலைக்கும் ஆளுக்கொரு கதை குடுத்துட்ட, என் வீடு மேலத்தெருவுல இருக்கு, அதுக்கும் ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுப் போ."