சமக்குறிகளுக்குப் பெரட்டு

அட்டன் நகரத்தில் எதையும் கோணலாக இருக்கவிடாத ஒரே மனிதர் எங்கள் பெரட்டு அண்ணன்தான். மலைப்பாதையை மட்டும் ஏதோ பாவம் பார்த்து விட்டுவைத்தார்.

பேக்கரிக்கு மேல்மாடியில், மென்பொருள் எழுதும் எங்கள் சின்ன அலுவலகத்தில் அவர்தான் மூத்தவர். வாசலில் நனைந்த குடைகளின் பிடியெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்குவார். லிந்துலை பஸ்ஸுக்கு முண்டியடித்த கூட்டத்தை ஒருமுறை வரிசையில் நிறுத்திவிட்டு, தான் பஸ்ஸைத் தவறவிட்டார். நிரலில் சமக்குறிகள் முன்பின்னாக நின்றால் அவருக்குச் சோறு இறங்காது.

"தோட்டத்துல காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஆளுங்க எப்படி வரிசையா நிக்கிறாங்க? அப்பதான் வராத ஆளு யாருன்னு தெரியும். இதுவும் அப்படித்தான் தங்கச்சி" என்பார். பெயர் வந்த கதை இதுதான்.

ஒரு வாரம் வேறு வேலையே பார்க்காமல் எடிட்டரில் ஒரு குறுக்குவிசை செய்தார். மூன்று சாவிகளைச் சேர்த்து அழுத்தினால் சமக்குறிகள் எல்லாம் ஓடிவந்து ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"இதால யாருக்கு என்ன பிரயோசனம்?"

"பொறுங்க சார், தெரியும்."

தெரிந்தது. அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றுக்கு, நாளுக்கு மூன்று முறை நிறுக்கும் தேயிலைக் கொழுந்தைக் கூட்டிச் சொல்லும் செயலி செய்துகொண்டிருந்தோம். அது கைவிட்டுப் போனால் அலுவலகத்தை மூடிவிட்டு எல்லோரும் கொழும்புக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான். தோட்டத்து மேலாளரான துரை பார்க்க வரும் காலையில், செயலி காலைக் கொழுந்தையும் பகல் கொழுந்தையும் விழுங்கிவிட்டு அந்திக் கொழுந்தை மட்டும் காட்டியது. நான் வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார்.

"தள்ளுங்க, பெரட்டு கூப்பிடுறேன்."

சாவிகளை அழுத்தினார். சமக்குறிகள் நேராக நின்றன. அவற்றுக்கு முன்னால் கூட்டல் குறிகளும் நேராக நின்றன, அந்திக் கொழுந்தின் வரியில் மட்டும் இடம் காலி; அந்த வரி முந்திய கணக்கோடு கூட்டாமல் அதை அழித்துவிட்டு எழுதியிருந்தது.

"பாத்தீங்களா? கூட்டல் ஐயா இன்னைக்கி வேலைக்கு வரல."

குறியைப் போட்டு முடிக்கவும் துரை படியேறவும் சரியாக இருந்தது. துரை தன் குடையை எப்படியோ சாய்த்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் முதலில் போய் அதைத் திருப்பி வைத்தார். செயலி ஒழுங்காகக் கூட்டியது, வேலை எங்களுக்கே கிடைத்தது.

நாங்கள் யாரும் கொழும்புக்குப் போகவில்லை. கல்யாணமாகி, அங்கே பெரிய அலுவலகமொன்றுக்குப் போனது அவர்தான். போன மாதம் போனில் பேசினார்.

"இங்க எடிட்டர்ல எல்லாம் தானாவே நேரா நின்னுருது தங்கச்சி. என்னைய ஒருத்தரும் கூப்பிடுறதில்ல."

எனக்கு மனசு கேட்கவில்லை. அடிக்கடி கொஞ்சம் நிரலைக் கோணல்மாணலாக எழுதி, "அண்ணே, இது நேரா நிக்க மாட்டேங்குது" என்று அனுப்பிவிடுகிறேன். உடனே சரிசெய்து அனுப்புகிறார். அந்தக் குறுக்குவிசையை, போகும்போது என் கணினியிலும் போட்டுத் தந்தவர் அவர்தான்.