வணக்கம், சத்தியராஜ்!

"வணக்கம், சத்தியராஜ்!" என்றது கணினி.

"ஐயோ, இங்கயுமா?" ஜாபஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

பள்ளியில் அவன் எஸ். ஜாபஸ். விண்ணப்பங்களில் 'கடைசிப் பெயர்' கேட்ட இடத்திலெல்லாம் அப்பா பெயரைப் போட்டதிலிருந்து, வங்கிக்கும் கூரியர்காரருக்கும் அவன் சத்தியராஜ். இப்போது வருமான வரித் தளத்துக்கும்.

"குமணன்சாவடி ஆடிட்டருக்கு ஆயிரத்தைந்நூறு குடுத்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றாள் மனைவி ரெனிதா, சமையலறையிலிருந்து.

"ஆடிட்டரும் வேணாம், காசு குடுத்து சாஃப்ட்வேரும் வேணாம். எல்லாம் ஓசியிலயே முடிச்சுக் காட்டுறேன் பாரு."

இன்றே கடைசி நாள். தவறினால் ஐயாயிரம் அபராதம்.

இலவசமாய் இறக்கிய கணக்கு அட்டவணையில் காலையிலேயே போட்டுப் பார்த்துவிட்டான்: சம்பளம் ஒன்பது லட்சம், வரி பூஜ்யம். அதைத் தளத்தில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. பீரோவில் கிடைத்த பான் கார்டு ஜெராக்ஸில் முகம், பெயர் எல்லாம் ஒரே கறுப்பு. நல்லவேளை, எண் தெரிந்தது. கடவுச்சொல் மறந்திருந்தது. புதிது கேட்டதும், சார்ஜில் கிடந்த அப்பாவின் போனில் ஓடிபி வந்து விழுந்தது. அப்பா முடிவெட்டப் போயிருந்தார்.

"கணக்கு ஆரம்பிச்சப்போ எனக்கேது போன், அவர் நம்பரைத்தான் குடுத்திருப்பேன்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைந்திருந்தான்.

அடுத்த பக்கம் திறந்தது.

"ரெனி! என்னை மூத்த குடிமகன்னு காட்டுதுடி!"

"உங்க மண்டையப் பாத்திருக்கும்."

சம்பளக் கட்டத்தில் ஏற்கெனவே நான்கு லட்சத்து எண்பதாயிரம் உட்கார்ந்திருந்தது. அழித்தால், பதிவோடு பொருந்தவில்லை என்று திரை சிவந்தது. எரிச்சலோடு அதை அப்படியே விட்டுவிட்டு, கீழே தன் ஒன்பது லட்சத்தைச் சேர்த்தான்.

கட்ட வேண்டிய வரி: எழுபத்தெட்டாயிரத்து எழுநூற்று எண்பது.

"இன்னாங்க, பூஜ்யம்னீங்க?" ரெனிதா கரண்டியோடு வந்து நின்றாள்.

"அட்டவணை அப்படித்தான் சொல்லிச்சு."

"ஓசிச் சாமான் ஓசிக் கணக்குதான் போடும்."

ஆத்திரத்தில் அட்டவணையை அழித்தான். பிறகு மெல்ல அவள் பக்கம் திரும்பினான். "ரெனி, கிச்சன் அலமாரிக்குன்னு நீ சேர்த்த பணம்..."

கரண்டி கீழே விழுந்தது.

"கட்டலன்னா இன்னும் ஐயாயிரம் ஏறிடும்டி!"

தன் வங்கியிலிருந்து வந்த ஓடிபியை, பல் பிடுங்கக் கொடுப்பவள் போல ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள்.

"தாக்கல் முடிந்தது. நன்றி, சத்தியராஜ்!" என்றது கணினி.

"பாத்தியா, ஆடிட்டர் காசு ஆயிரத்தைந்நூறு மிச்சம்" என்றான் ஜாபஸ்.

கழுத்தில் பவுடரோடு அப்பா உள்ளே வந்தார். நேராகப் பீரோவைத் திறந்து குடைந்தார்.

"டேய் ஜாபஸ், பென்ஷன் ஆபீஸ்ல குடுக்க என் பான் கார்டு ஜெராக்ஸ் வச்சிருந்தேனே, எட்த்தியா? உன்னுது பைபிளுக்குள்ள பத்திரமா கீதுடா!"