நாற்பது லிட்டர் மன்னிப்பு

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நலம் என்றால், நேரில் வந்தால் நீங்கள் இரண்டடி தள்ளி நின்று பேசவேண்டிய அளவுக்கு நலம்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, சமையலறைக் குழாயில் காதை வைத்துக் கேட்டது. தண்ணீர் வருவதற்கு முன் குழாய் ஒருமுறை கனைக்கும். கனைத்தால் டிரம்முக்கு ஓடவேண்டும். அந்த நேரம் பார்த்து உங்கள் போன் வந்தது. "ஏம்மா, ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டுப் போயேன். அவன் மானம் போனா அது உன் மானம் இல்லையா?" என்றீர்கள். பதில் சொல்ல வாயெடுத்தேன், குழாய் கனைத்தது, போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் அரை மணி நேரம்தான். கோபப்பட மீதி இருபத்துமூன்றரை மணி நேரம் இருக்கிறது. ஆகவே பதிலை எழுத்தில் தருகிறேன்: போட மாட்டேன்.

உங்கள் தம்பி உங்களிடம் பாதிக் கதையைத்தான் சொல்லியிருப்பார். எட்டு மாதமாக மழை இல்லை. முப்பத்தாறு வீட்டுக் குடியிருப்பில் தண்ணீர்க் குழு என்று ஒன்று போட்டார்கள். தலைவர் யார் என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், உங்கள் தம்பி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு இத்தனை லிட்டர் என்று வரம்பு, வாசலில் மீட்டர், தாண்டுகிறவர்களின் வீட்டு எண்ணைக் கீழே பலகையில் சிவப்பில் எழுதுவது, எல்லாம் அவர் யோசனை. கட்டட வரைபடம் போடுகிறவர் அல்லவா, வீட்டுக்குள்ளும் ஒரு திட்டம் போட்டார். ஒன்பது வாளி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. தரம் ஒன்று சமையலுக்கு. தரம் இரண்டு துணி அலசியது, அது தரை துடைக்க. தரம் மூன்று தரை துடைத்தது, அது கழிவறைக்கு. "நம்ம வீட்டுத் தண்ணிக்கு ப்ரமோஷனே கிடையாதாப்பா?" என்று மகள் கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காகிதச் சீட்டு ஈரத்தில் எத்தனை நாள் நிற்கும்? ஒருநாள் ஒன்பதும் உரிந்து தரையில் கிடந்தன. நான் வருவதற்குள் அவரே எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து திரும்ப ஒட்டிவிட்டார். மனுஷனுக்கு ஞாபகசக்தியில் அவ்வளவு நம்பிக்கை! அன்று பார்த்து மீட்டர் மாமா வந்தார். வீடுவீடாக மீட்டர் பார்த்துக் குறிக்கிறவர், அதனால் அந்தப் பெயர். தரம் ஒன்றில் டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர், "டீ நல்லா நுரைக்குதும்மா" என்று சொல்லி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு தொடவில்லை.

அந்த வாரமே பலகையில் முதல் சிவப்பு எண் எங்களுடையது. நாளொன்றுக்கு நாற்பது லிட்டர் கூடுதல். குழுத் தலைவர் வீடு! உங்கள் தம்பி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து விசாரணை நடத்தினார். தீர்ப்பு: "உன் கை தாராளம்." என் கையா? பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் வாய் கொப்பளிக்க வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று சொல்லிச் சொல்லி ஏச்சு வாங்குகிற என் கையா? அடுத்த வாரமும் நாற்பது. பள்ளிக்கூடத்தில் மகளை 'நாப்பது லிட்டர்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு காலை, டிரம்மிலிருந்து டியூப் நழுவியது. சிந்தியதைத் துடைக்கத் துணி எடுக்க உள்ளே ஓடினேன். அங்கே உங்கள் தம்பி ஐந்து குழாயையும் முழுக்கத் திறந்துவிட்டு, கையில் நோட்டோடு நிற்கிறார். கீழே ஒரு வாளிகூட இல்லை.

"என்னங்க இது?"

"கசிவு இருக்கான்னு பார்க்கறேன். தினமும் ஒரு நிமிஷம்."

"அடியில வாளியாவது வைக்கக்கூடாதா?"

"வாளி வச்சா அழுத்தம் சரியாத் தெரியாது."

"இது எத்தனை லிட்டர்னு தெரியுமா உங்களுக்கு?"

"இது சோதனைத் தண்ணி. இது கணக்குல வராது."

மீட்டருக்கு அது தெரியாதே, அண்ணி. மறுநாள் நான் வாளி வைத்துப் பிடித்தேன். சரியாக நாற்பது. அன்றோடு அவர் சோதனையை நிறுத்திவிட்டார். நானும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். ஆனால் மூன்றாம் வாரப் பலகையிலும் அதே நாற்பது! மனிதர் துள்ளிக் குதித்தார். "பார்த்தியா? நான் நிறுத்தியும் நாப்பது. அப்போ யாரு?" உடனே என் பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதம் தயார். 'இல்லத்தரசியாகிய எனது கவனக்குறைவால்' என்று தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முப்பத்தாறு வீட்டார் முன்னால், என் மகள் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுந்து நின்று அதை வாசித்துக் கையெழுத்துப் போடவேண்டுமாம். இல்லையென்றால் எங்கள் வால்வை மூன்று நாள் பூட்டிவிடுவார்களாம்.

பூட்டட்டும். மீட்டர் பழுது என்பதுதான் என் வாதம். பழுதில்லை என்றால், மீட்டர் மாமா அந்த டீக்குப் பழிவாங்குகிறார். அதுவும் இல்லையென்றால் எங்கேயோ நிஜமாகவே கசிகிறது. எப்படியானாலும் நான் குற்றமற்றவள். இருபது வருஷமாக இந்த வீட்டில் எது தொலைந்தாலும், எது கருகினாலும், முதலில் 'சரி, என் தப்புதான்' என்று சொல்லிப் பேச்சை முடித்தவள் நான். சொன்னால் சமையலறை அமைதியாகிவிடும், அதற்காகச் சொன்னேன். அது ஒரு பழக்கமாகி, மற்றவர்களுக்கு உரிமையாகிவிட்டது என்பது டிரம் பக்கத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. இனி முடியாது. நீங்கள் நடுவில் வந்து சமாதானம் பேச வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டுக் குழாய் கேட்காமலே கனைக்கட்டும்.

இப்படிக்கு,
குற்றமற்ற தம்பி மனைவி

பின்குறிப்பு: மேலே எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். மீட்டரில் பழுது இல்லை. மாமா பாவம், நல்ல மனிதர். மூன்றாம் வாரத்து நாற்பது லிட்டர் நான்தான். உங்கள் தம்பியும் என் மகளும் கிளம்பிப் போனபின், தினமும் இரண்டு வாளி. தலைக்கு ஊற்றிக் குளித்தேன், அண்ணி. அவர் சோதனைக்கு நாற்பது போகலாமென்றால் எனக்கு நாற்பது போகட்டுமே என்று முதல்நாள் ஆங்காரத்தில் தொடங்கியது. இரண்டாம் நாள் ஆங்காரம் இல்லை, சுகம்தான். குற்ற உணர்ச்சி வருமென்று காத்திருந்தேன். நாலாம் நாள் கொஞ்சம் வந்தது. அதோடு துவட்டிக்கொண்டேன்.

இதை அவரிடமோ மகளிடமோ இன்னும் சொல்லவில்லை. உங்களிடமும் சொன்னதாகாது, ஞாயிறு நாளை மறுநாள், இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர நாலு நாளாகும். அவர் எழுதிய தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகப்போகிறேன். முதல் இரண்டு வாரம் தலைவர், மூன்றாம் வாரம் நான் என்று இரண்டையும் சொல்வேன். வால்வைப் பூட்டும் மூன்று நாளும் தெருமுனைத் தண்ணீர் லாரியில் வரிசையில் நின்று, நாலு மாடிக்கும் நானே தூக்குவேன். மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் சொல்லாமல் உட்கார்ந்துவிடுவேன்.