இரண்டு அங்குலம் குறைந்த மாஸ்டர்

காசாளர் மூச்சை உள்ளே இழுத்தார். பொத்தான் துளைக்குள் நுழைந்தது. மூச்சை விட்டார். பொத்தான் பறந்துபோய்த் தையல் மெஷினுக்கு அடியில் விழுந்தது.

"மாஸ்டர், சட்டை டைட்டு."

"சட்டை சரியாத்தான் இருக்கு சார். நீங்கதான் டைட்டு."

அந்தத் தெருவில் தையல்காரருக்கு 'ஒரே அளவு' என்று பெயர். ஒரு ஆளை ஒரு முறைதான் அளப்பார். மறுபடி அளப்பது தன்னையே சந்தேகப்படுவது என்பது அவர் கட்சி. உடம்புக்குத் துணி டேப். மேஜையில் விரித்த துணிக்கு மர ஸ்கேல். கோடு போட்டுவிட்டால் தீர்ப்பு எழுதியாயிற்று, அப்பீல் கிடையாது. டேப் நாள் முழுக்க அவர் கழுத்திலேயே கிடக்கும். வீட்டுக்குப் போய்த்தான் கழற்றி ஆணியில் மாட்டுவார்.

"அளவெடுத்தப்போ ஒழுங்கா இருந்தீங்க. தைக்கிறதுக்குள்ள ஊதிட்டீங்க. எங்க, கழுத்தைக் காட்டுங்க... ம். தைராய்டு!"

இந்த ஞானம் ஆஸ்பத்திரிச் சுவரில் கிடைத்தது. அங்கே நர்ஸ்கள் எல்லோருக்கும் கோட்டு தைக்கும் ஆர்டர் வருவதாக இருந்தது. டாக்டருக்கும் தலைமை நர்ஸுக்கும் தைக்கும் மாதிரிக் கோட்டு பொருந்தினால் ஆர்டர் மாஸ்டருக்கு. இல்லையென்றால் எதிர்வரிசை ரெடிமேட் கடைக்கு. அளவெடுக்கப் போய்க் காத்திருந்தபோது, சுவரில் தொங்கிய சுரப்பிகளின் படத்தை மாஸ்டர் வரி விடாமல் படித்துவிட்டார். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி. அது சோம்பினால், தின்றதை உடம்பு எரிக்காமல் சேர்த்து வைக்கும். ஆள் பருத்துப் போவான்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கொடிக்கயிறு அறுந்து மாசக்கணக்காச்சு. இன்னைக்காவது வாங்கிட்டு வாங்க."

"இங்க ஒரு மனுஷன் ஊதிட்டே இருக்காரு, கயிறாம் கயிறு!"

காசாளர் பயந்துபோய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். தைராய்டு தங்கமாக இருந்தது. சட்டைதான் இன்னும் மூடவில்லை.

மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். ஊரே ஊதுகிறது, இனி அரை அங்குலம் சேர்த்து வெட்டினால் போச்சு. அப்படியே டாக்டர் கோட்டையும் வெட்டினார். டாக்டர் அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினார். முதுகில் 'டர்' என்றது.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குத் தைராய்டு இருக்கு."

"தைராய்டு எல்லாருக்கும்தான்யா இருக்கு!" என்றார் டாக்டர். ஆனாலும் அன்றைக்கு ரத்தப் பரிசோதனை வரிசையில் முதல் ஆளாக அவர்தான் நின்றார். பின்னால் தலைமை நர்ஸ், அக்குள் கிழிந்த கோட்டோடு.

இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

"மாஸ்டர், எங்க உடம்பு நல்லா இருக்கு. உங்க தையல்லதான் வியாதி" என்றார் தலைமை நர்ஸ். "நாளைக்கு வேற கோட்டு வரணும். அதுவும் மாட்ட முடியலேன்னா ஆர்டர் எதிர்க்கடைக்கு."

கடைக்குத் திரும்பிய மாஸ்டர் முதன்முறையாகத் தன்னையே சந்தேகப்பட்டார். ஒருவேளை தனக்குத்தான் ஏதாவதோ? டேப்பை இடுப்பில் சுற்றினார். இடுப்பு இளைத்திருந்தது! கண்ணாடியைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில், சுவரோடு ஒட்டி நின்று உயரத்தையும் அளந்தார்.

ஐந்தடி ஆறு அங்குலம் இருக்க வேண்டிய ஆள், ஐந்தடி நாலு அங்குலம்.

மீசை தானாக இறங்கியது. சுவர்ப் படத்தின் கடைசி வரிகள் ஞாபகத்துக்கு வந்தன. தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நாலு சுரப்பிகள். அவை வரம்பு மீறி வேலை செய்தால், எலும்பில் இருக்கும் கால்சியத்தை உருவி ரத்தத்தில் விட்டுவிடும்.

கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார்.

"டாக்டர், ஊரெல்லாம் ஊதுது, நான் மட்டும் கரையிறேன்! எலும்பெல்லாம் ரத்தத்துல போய்க்கிட்டிருக்கு!"

டாக்டர் பெருமூச்சு விட்டு, அவரை உயரம் பார்க்கும் கம்பத்தில் நிறுத்தினார். "அஞ்சடி ஆறு. ஒரு நூல் குறையலை."

"கடையில ரெண்டு அங்குலம் குறைஞ்சிருந்தேனே! அப்ப இங்க ஓடி வர்றதுக்குள்ள வளர்ந்துட்டேனா?" மாஸ்டருக்கு வியர்த்தது. "ஐயோ, வளர்ச்சிக்குன்னு ஒண்ணு இருக்குமே, பிட்யூட்டரி... அதுவும் போச்சா?"

"மாஸ்டர், பிட்யூட்டரி மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி இருக்கும். உங்களுக்கு அது நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேல இருக்கிறதுதான் எனக்குச் சந்தேகம்."

சாயங்காலம் மாஸ்டர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் டேப், மாலை மாதிரி.

"கடையில குள்ளம், ஆஸ்பத்திரியில உசரம். என் உடம்பே என் பேச்சைக் கேக்கலை. அடுத்தவன் உடம்புக்கு நான் வைத்தியம் பாத்தேன். நாளைக்கு ஆர்டரும் போயிடும். ஒரே அளவாம் ஒரே அளவு! எந்தச் சுரப்பி என்னைக் கவுத்துச்சுன்னே தெரியலடி."

மனைவி கொல்லைப்புறத்திலிருந்து சொட்டச் சொட்ட ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எட்டி, அவர் கழுத்திலிருந்த டேப்பை உருவிக்கொண்டாள்.

"சுரப்பியெல்லாம் அப்புறம் தேடலாம், முதல்ல இதைக் குடுங்க, நீங்க கயிறு வாங்கிட்டு வர்ற வரைக்கும் இந்த ஈரப் போர்வையெல்லாம் தினமும் இதுலதானே தொங்குது!"