செத்தவர்கள் கூப்பிட்ட ஹெலிகாப்டர்

கேத்தரின் ராணுவ முகாம்,
அக்டோபர் 14.

அன்புள்ள மரீ அக்காவுக்கு,

தம்பி லாக்லன் எழுதுவது. இங்கே நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே? நான் ராணுவத்தை விட்டு விலகப்போகிறேன். பதறாமல் மேலே படி.

இங்கே நடந்த பொய்ப்போர்ப் பயிற்சியில் டீசல் ஜெனரேட்டரே கூடாது என்று மேலிடத்து உத்தரவு. பாய் போலச் சுருட்டும் சோலார் தகடு நான்கு, பேட்டரிப் பெட்டி இரண்டு, எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான். வெயிலில் விரித்தால் சார்ஜன்ட் காஸ்லோ ஓடி வருவார். "டேய், பளபளன்னு மின்னுது, எதிரி ட்ரோன் பார்த்துடும், வலையைப் போட்டு மூடு!" மூடினால் பத்தாவது நிமிடம் அவரே, "ரேடியோ சாகுதுடா, என்னத்தக் கிழிக்கிற?" என்பார். விரி, மூடு, விரி, மூடு; நிழல் நகர நகரத் தகட்டைத் தூக்கிக்கொண்டு நானும் நகர்ந்தேன், மூன்று நாளாக உட்காரவில்லை, சாப்பாடுகூட நின்றபடிதான். நான்காம் நாள் மதியம், நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், என் கூட்டாளி டூலி சுருண்டு விழுந்தான். ஆறடி மூன்றங்குல ரக்பிக்காரன், வியர்வையே இல்லாமல் உடம்பு கொதிக்க அம்மா அம்மா என்று உளறினான். ரேடியோவை எடுத்தால் உயிரில்லை. பெட்டி இரண்டும் காலி. வலையைப் பிய்த்தெறிந்தேன், நான்கு தகட்டையும் வெட்டவெளியில் விரித்தேன், ரேடியோவில் விளக்கு எரிந்ததும் "இது பயிற்சி இல்லை, நிஜம்!" என்று அலறினேன்.

அதற்குள் தலைக்கு மேலே எதிரி ட்ரோன். எங்களோடு நடந்துவரும் பயிற்சி நடுவர், யார் யார் செத்ததாகக் கணக்கு என்று எழுதும் சீட்டை எடுத்துவிட்டார்.

"மொத்தப் படையும் காலி. செத்தவங்க ரேடியோவுல பேசக்கூடாது."

"சார், இவன் நிஜமாவே செத்துடுவான்!"

டூலியின் முகத்தைப் பார்த்ததும் அவர் சீட்டைப் பையில் திணித்தார். அப்புறம் ரேடியோ மறுபடி சாகாமலிருக்க அவர் ஒரு பக்கம், காஸ்லோ ஒரு பக்கம், சூரியனுக்கு நேராகத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "இன்னும் சாய்ங்க சார், இன்னும் கொஞ்சம்!" என்று காஸ்லோ கெஞ்சினார். அரை மணியில் ஹெலிகாப்டர் வந்தது. டூலி டார்வின் நகர ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான்.

நேற்று அறிக்கை வாசித்தார்கள். என் கவனக்குறைவால் முப்பது பேர் மாண்டார்களாம். டூலி பற்றி ஒரு வரி இல்லை. போதும் அக்கா. அத்தானின் பட்டறையில் ஏதாவது வேலை கேள், நிழலாக இருந்தால் சரி.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் தம்பி,
லாக்லன்

பி.கு.: டூலி போன் செய்தான். "நீ போயிட்டா அடுத்த தடவை தகட்டை யாருடா பார்ப்பா? காஸ்லோவா?" என்றான். ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அத்தானிடம் ஒன்றும் கேட்காதே. திங்களன்று மறுபடி புறப்படுகிறோம். தடித்த காலுறை நாலு ஜோடி அனுப்பு.