துவைத்த துணியைத் துவைப்பவர்கள்

கோத்தன்பர்க்,
பிப்ரவரி 11, செவ்வாய்.

மரியாதைக்குரிய கேமோ அண்ணாவுக்கு,

“அவ நல்லாப் பாடுறாளா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு” என்று உங்கள் மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் யோசித்தும் தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தை கிடைக்காததால் இந்தக் கடிதம்.

முறைப்படி முதலில் விசாரிக்கிறேன். வீட்டில் சமாதானமா? முற்றத்து ஆடுகள் சமாதானமா? பக்கத்து வீட்டுக்காரரோடு மாமரக் கிளைத் தகராறு சமாதானமா? இங்கே சமாதானம் மட்டுமே, கீழ்த்தளத்துச் சலவை அறை நீங்கலாக. எல்லோரையும்போலக் குரல்பதிவு அனுப்பாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது வர வேண்டிய இடத்தில் வரும். நம் ஊர்க்காரர் திருமதி ஜாலோ வெள்ளிக்கிழமை விமானத்தில் பக்காவுக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். போன அக்டோபரில் கமாரா வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். ஸ்டாக்ஹோமிலிருந்து பாணர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவர் வந்தவர்களின் குலப்பெருமையை ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டு வந்தார். நம் தார்போ குலத்தின் முறை வந்ததும், அவருக்குப் போர்த்துவதற்காக வைத்திருந்த துணியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து உங்கள் மகள் நீமா அவர் பாடிய அடியை வாங்கி, அவர் விட்ட இடத்திலிருந்து ஒரு படி மேலே கொண்டுபோனாள். பாணர் பாட்டை நிறுத்தினார். தன் வாத்தியத்தின் நரம்புகளின் மேல் உள்ளங்கையை வைத்து அடக்கிவிட்டுக் கேட்டார். அவள் முடித்ததும் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். அண்ணா, பாடுகிறவர்களுக்கு நாம் போர்த்துவோம். நம் வீட்டுக்குத் தெரிந்த வழக்கம் அது ஒன்றுதான். நான் கையில் துணியோடு நடு அறையில் நிற்கிறேன். கமாரா அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, “உக்காரு ஜைனபா. உங்க குலம் கட்சி மாறிடுச்சு” என்றார். அன்று இரவே கீருனாவில் இருக்கும் கிறிஸ்டினா அண்ணிக்குப் போன் செய்து, உங்கள் மகள் பாடிவிட்டாள் என்று சொன்னேன். “அவ தொண்டை, அவ இஷ்டம்” என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். ஸ்வீடன்காரர், அதிலும் செவிலியர். அதற்கு மேல் எதிர்பார்த்தது என் தவறு.

அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. காலையில் பல் மருத்துவக் கல்லூரி, மாலையில் பாட்டு. நூலகத்தில் பாடினாள், முப்பது பேர் வந்தார்கள். துறைமுகத்துப் பழைய கிடங்கில் பாடினாள், முந்நூறு பேர் என்றார்கள். நான் எண்ணவில்லை, அதனால் உறுதி சொல்ல மாட்டேன். யாராவது அவளிடம், “நீ எந்த ஊரு?” என்று கேட்டால், “மூணாவது மாடி” என்கிறாள். வீட்டில் பழக முடியாது, சுவர்கள் மெல்லியவை. அதனால் கீழே சலவை அறைக்குப் போய்ப் பாடச் சொன்னவள் நான்தான், பழி என்னுடையது. செவ்வாய் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை எங்கள் முறை. முன்பதிவுப் பலகையில் அந்தக் கட்டத்தில், இது எங்கள் முறை என்று காட்டும் என் சிறு பூட்டு பதினோரு ஆண்டுகளாகத் தொங்குகிறது. அறை முழுக்க ஓடு பதித்தது, குரல் நன்றாகத் திரும்பி வருமாம். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு சலவை அறை இருக்கிறது. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

டிசம்பரில் எங்கள் கட்டடத்தின் தண்ணீர்ச் செலவு நாற்பது விழுக்காடு ஏறியது. நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர், பிழைப்புக்குப் புள்ளிவிவரத் துறை. எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று முடிவுசெய்து, டார்ச் விளக்கோடு இரண்டு நாள் கட்டடம் முழுக்கத் தேடினேன். எதுவும் ஒழுகவில்லை. எல்லோரும் துவைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். முதல் மாடி ஹோல்கெர், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தொன்பது வயது, மனைவி இறந்து தனியாக இருக்கிறவர், ஒரே நீல மேசைவிரிப்பை நான்காவது வாரமாக எடுத்துக்கொண்டு கீழே போகிறார்.

“மறுபடியுமா, ஹோல்கெர்?”

“கறை போகல.”

“எந்தக் கறை?”

விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போயிருச்சு போலிருக்கு” என்று சொல்லிவிட்டு, அதை எந்திரத்தில் போட்டுப் பொத்தானை அழுத்தினார்.

அடுத்த செவ்வாய் அந்த இன்னொரு சலவை அறைக்காகச் சண்டையே வந்துவிட்டது. சங்கத் தலைவர் பெர்னில்லா கூடை நிறையத் திரைச்சீலையோடு நிற்கிறார், எதிரே ஹோல்கெர் தன் மேசைவிரிப்போடு.

“உங்க வீட்லயே மெஷின் இருக்கே, இங்க எதுக்கு வர்றீங்க?”

“திரைச்சீலை பெருசு. அதுல போகாது.”

“போன வாரமும் திரைச்சீலைதானே?”

“அது வேற ஜன்னல்.”

“எத்தன ஜன்னல் வச்சிருக்கீங்க, அரண்மனையா கட்டியிருக்கீங்க?”

ஒரே படிக்கட்டில் இருபது ஆண்டுகள் ஏறி இறங்கியவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இது. அந்த வாரமே எந்திரம் படுத்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர், “என்னங்க, இங்க ஆஸ்பத்திரியா நடத்துறீங்க? ஒரு வருஷ ஓட்டத்த ஒரே மாசத்துல ஓட்டியிருக்கீங்க” என்று சத்தம் போட்டார். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நீமா ஆரம்பித்தாள். அரை மணி வேலைக்கு அந்த மனிதர் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். நடுவில் கைப்பேசியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ஒட்டுக் கேட்டு ஒழுகலைக் கண்டுபிடிக்கிறார் என்று நினைத்தேன்.

இவ்வளவு நடக்கிறது, ஒருவர்கூட அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கதவைத் திறந்தால் நடைவழியில் ஏழெட்டுப் பேர் கூடையோடு நின்று சுவரைப் பார்ப்பார்கள். ஒருநாள் அழாத குறையாக மேலே வந்தாள்.

“அத்தை, நான் எல்லாருக்கும் தொல்லையா இருக்கேன்.”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. அதான் சொல்றேன். எப்படா இவ போவான்னு வாசல்ல வரிசையா நிக்கிறாங்க. ‘துவைக்கும் அறையில் துவைப்பது மட்டும்’னு நீங்களே வேற எழுதி ஒட்டிட்டீங்க.”

அந்த அறிவிப்பு, எவரோ அங்கே சைக்கிள் கழுவியதற்காக ஒட்டியது. சொன்னேன், நம்பவில்லை. இந்த நாட்டில் ஆளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றால் அது கைதட்டலுக்குச் சமம் என்று இருபத்தெட்டு ஆண்டுகள் இங்கே இருந்த நானாவது விளக்கியிருக்க வேண்டும். எனக்கும் அப்போது தோன்றவில்லை. அவள் நிறுத்திவிட்டாள். இரண்டு செவ்வாய் கீழே போகவே இல்லை. இரண்டாவது செவ்வாய் கழிந்த மூன்றாம் நாள் செயலாளர் பெட்டியில் கையெழுத்தில்லாத கடிதம் விழுந்தது. நான் வாங்கிய புகார்களிலேயே விசித்திரமானது: “செவ்வாய் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை சலவை அறையில் இப்போது எந்தச் சத்தமும் வருவதில்லை. இது குறித்துச் சங்கம் என்ன நடவடிக்கை எடுக்கப்போகிறது?” அடுத்த நாள் இன்னும் நான்கு வந்தன. ஒன்றில் நீல மேசைவிரிப்பின் நூல் ஒட்டியிருந்தது.

ஐந்தையும் அவள் முன்னால் வைத்தேன். படித்தாள், தரையில் உட்கார்ந்து சிரித்தாள், கீழே போனாள். விசாரணை நடத்த வேண்டியது செயலாளரின் கடமை என்பதால், துவைத்து மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்புகளைக் கூடையில் போட்டுக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

அண்ணா, உடம்பு சிலிர்த்தது என்று யாராவது சொன்னால் ஜன்னல் திறந்திருந்ததா என்று கேட்கிறவள் நான். கீழ்த்தளத்தில் ஜன்னலே கிடையாது. உலர்த்தும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ரீங்காரத்தைச் சுருதியாக எடுத்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி அடிக்குரலில் தொடங்கினாள். போகப் போகக் குரல் ஏறியது, ஆனால் சத்தம் கூடவில்லை, அறைதான் பெரிதானது. பாதியில் எந்திரம் நின்றுவிட்டது. நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் அவள் முடிக்கும்வரை அந்தச் சுருதி என் காதில் நிற்காமல் ஓடியது. இதை எந்த அட்டவணையில் எழுதுவது? என் பக்கத்தில் ஹோல்கெர் மேசைவிரிப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாஷைன்னு தெரியாது” என்றார் என்னைப் பார்க்காமல். “யாரோ யாரையோ ரொம்ப தூரத்துலேருந்து பாத்துக்கிறாங்க. அது மட்டும் தெரியுது.”

அவருக்குத் தெரியாத மொழி எனக்குத் தெரியும். அவள் பாடியது இதுதான்: “நீமா, தொப்பி போட்டுக்கோ. காது மூடுற தொப்பி. சாப்ட்டியா? வெறும் வயித்தோட வெளிய போகாத. படிச்சு முடி. பாடாத. நம்ம வீட்ல பாடுறவங்க இல்ல. தொப்பி போட்டுக்கோ.” ஆம் அண்ணா. ஒவ்வொரு வெள்ளியும் தொழுகை முடிந்ததும் நீங்கள் அனுப்பும் குரல்பதிவுதான். எங்கள் கட்டடம் முழுவதும் ஒரு மாதமாகத் துவைத்த துணியைத் துவைத்தது, உங்கள் திட்டைக் கேட்பதற்காக. அது தொப்பியைப் பற்றியது என்று நான் ஹோல்கெரிடம் சொல்லவில்லை. நான் ஏன் குரல்பதிவு அனுப்பவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும்: குரலில் சொன்னால் அதையும் பாட்டாக்கிவிடுவாள்.

இனி விஷயம். பழுது பார்க்க வந்தவரின் பதிவு கைமாறிக் கைமாறி ஒரு இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போய்விட்டது. அந்தப் பாட்டைத்தான் முதலில் வெளியிட வேண்டும் என்கிறார்கள். செப்டம்பரில் நகரத்தின் பெரிய அரங்கில் மேடையும் உண்டு. அவள் கையெழுத்துப் போட மறுக்கிறாள். “வார்த்தை அப்பாவோடது அத்தை. அவர் குடுக்காம நான் எடுக்க முடியாது” என்கிறாள். மாதக் கடைசிவரைதான் அவகாசம். நீங்கள் மறுத்தால் அவள் மீற மாட்டாள். அது உங்களுக்கும் தெரியும். அதனால் மரியாதையோடு கேட்கிறேன்: அவசரப்படாமல், ஒருமுறையாவது அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மறுப்பதாக இருந்தால் எழுத்தில் மறுங்கள், குரலில் வேண்டாம்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், ஆடுகளுக்குப் பெருக்கத்தையும், மாமரக்காரருக்கு நல்ல புத்தியையும் தரட்டும். நீமா உங்கள் காலடிக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். தொப்பி போட்டிருக்கிறாள்.

உங்கள் தங்கை,
ஜைனபா

பின்குறிப்பு. புதன் இரவு. ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதிய எதற்கும் இனி வேலையில்லை. இன்று காலை ஏழு இருபதுக்கு உங்கள் குரல் வந்தது. வெள்ளிக்கிழமை அல்லாத நாள், ஆறு நிமிடப் பதிவு. யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பயந்து சமையலறையில் நின்றபடியே கேட்டோம். பாட்டு பக்காவு சந்தை வரைக்கும் வந்துவிட்டதாமே! நீங்கள் சொன்னதை உங்களுக்கே எழுதுவது அசட்டுத்தனம், ஆனாலும் அது இங்கே எப்படி விழுந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். முதல் நான்கு நிமிடத் திட்டுக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “நான் என்ன சொன்னேன், நீ என்ன பாடுற? மீன் எங்க? ‘ரொட்டியோட மீனும் சாப்பிடு’ன்னு சொன்னேனா இல்லையா? அத ஏன் விட்ட? பொண்ண மீன் இல்லாம வளக்கிறான்னு ஊரே கேக்குது. என் வார்த்தைன்னா முழுசாப் பாடு” என்று நீங்கள் கத்தினீர்கள்.

“அத்தை, இது சம்மதமா?” என்றாள்.

மறுபடி போட்டு எண்ணினேன். “பாடாத” மூன்று முறை, “பாடு” ஒரு முறை. ஒன்று போதும் என்று இருவரும் முடிவெடுத்தோம். பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட்டாள். மாலையில் ஹோல்கெர் தன் புதன்கிழமை முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். இந்தக் கட்டடத்தில் யாரும் யாருக்கும் இதுவரை அப்படிச் செய்ததில்லை. மீனையும் சேர்த்துப் பாடினாள்.

“நடுவுல புதுசா ஒரு வரி வந்திருக்கே, அது என்ன?” என்று ஹோல்கெர் கேட்டார்.

“மீன்” என்றேன்.

மேசைவிரிப்பை நான்காக மடித்தார். “அதானே பாத்தேன்” என்றார். “அது இல்லாமத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு.”